டன்னுக்கு 12 கிராம் என்று சீட்டு காட்டுகிறார்கள்: சயனைடு மேட்டு மணலில் பணம் போடலாமா?

கேள்வி: நான் பெங்களூரு கம்மனஹள்ளியில் வசிக்கிறேன். என் தந்தையார் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்க ஆலையில் வேலை பார்த்தவர். ஊர்க்காரர் ஒருவர் வழியாக அறிமுகமான தரகர், சயனைடு மேட்டு மணலை வாங்கித் தங்கம் பிரிக்கும் தொழிலில் 5 லட்சம் ரூபாய் போடச் சொல்கிறார். ஆய்வுக்கூடச் சீட்டு ஒன்றும் கணக்குத் தாள் ஒன்றும் தந்திருக்கிறார். அதில் "கிரேடு டன்னுக்கு 12 கிராம், ரெக்கவரி 92, டோரே 85, பத்து டன் லாரிக்கு 130 கிராம்" என்று இருக்கிறது. 92 என்பது 916 நகையைவிட உயர்ந்த தரம் என்கிறார். உண்மையா? அப்பா ஞாபகார்த்தமாக வைத்திருந்த, மஞ்சள் கீற்று ஓடிய வெள்ளைக் கல் ஒன்றையும் பரிசோதனைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணத்தையும் கொடுக்காதீர்கள், கல்லையும் கொடுக்காதீர்கள். அந்தத் தாளில் உள்ள மூன்று சொற்களும் அதில் இல்லாத ஒரு சொல்லும் புரிந்துவிட்டால் தரகர் எங்கே கைவைத்திருக்கிறார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும் என்பதால், அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எள்ளையும் செக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேடு என்பது ஒரு டன் பாறையில் அல்லது மணலில் எத்தனை கிராம் தங்கம் கலந்திருக்கிறது என்ற கணக்கு. எள்ளில் உள்ள எண்ணெயின் அளவு. ரெக்கவரி என்பது அப்படி இருக்கும் தங்கத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஆலை பிரித்தெடுத்தது என்பது, செக்கின் திறமை. டோரே என்பது சுரங்க ஆலையில் முதன்முதலாக உருக்கி வார்க்கும் கட்டி. அதில் தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் வேறு சிலவும் கலந்திருக்கும். சுத்திகரிப்பு ஆலைக்குப் போன பிறகே அது 995, 999 என்ற நிலைக்குத் தெளியும். இவ்வளவும் பிழிந்தெடுத்த பிறகு வெளியே கொட்டப்படும் சக்கைக்கு டெய்லிங்ஸ் என்று பெயர். தங்கவயல்காரர்கள் சயனைடு மேடு என்று சொல்வது அந்தச் சக்கையைத்தான். உங்களிடம் விற்க வருவது புண்ணாக்கு.

இனி 92க்கு வருவோம். 916 என்பது ஆயிரம் பங்கு உலோகத்தில் 916 பங்கு தங்கம் இருப்பதைக் குறிக்கும் தர எண். 22 காரட்டுக்கு உரியது. கடைக்காரர்கள் அதையே 91.6 டச் என்பார்கள். தாளில் உள்ள 92 ரெக்கவரி, ஆலை எவ்வளவு பிழிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. கிடைத்த கட்டியின் தரத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. தரத்தைச் சொல்வது டோரே 85, அதாவது கட்டியில் நூற்றுக்கு 85 பங்கு தங்கம், என்ற எண். அதன்படியே பார்த்தாலும் அந்தக் கட்டி 916க்குக் கீழேதான் நிற்கிறது. இரண்டு எண்களும் தொண்ணூறுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், நகைக்கடைப் பலகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று மற்றதாகத் தெரிகிறது. தரகர்கள் இந்தக் குழப்பத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறார்கள். கூட்டாளி தேடி வருகிறவர் எவராக இருந்தாலும், அவர் ரெக்கவரி எண்ணைத் தர எண்ணாகச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது லாரிக்கு 130 கிராம் என்ற கணக்கு. பத்து டன்னை 12ஆல் பெருக்கினால் 120 கிராம். அதில் நூற்றுக்கு 92 பங்கு பிரிந்தால் 110.4 கிராம் தங்கம். இந்தத் தங்கம் 85 சதவீதமாக அடங்கியிருக்கும் கட்டியின் எடைதான் ஏறக்குறைய 130 கிராம். ஆகவே 130 என்பது கலப்போடு சேர்ந்த கட்டியின் எடை. அந்த எடை முழுவதையும் அவர் 24 காரட் விலையால் பெருக்கியிருப்பார், தாளைத் திருப்பிப் பாருங்கள். அவர் சொன்ன எல்லாமே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு லாரியிலும் ஏறத்தாழ 20 கிராம் வெள்ளிக்கும் செம்புக்கும் தங்கத்தின் விலை போடப்பட்டிருக்கிறது.

ஆனால் அடிப்படையான 12 கிராமே நிற்காது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் தங்கவயலில் இறங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை அங்கிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் வந்தது. தொடக்கத்தில் மிகச் செழிப்பாக இருந்த ரீஃப், அதாவது தங்கம் ஓடும் பாறைப் படுகை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன கடைசிக் காலத்தில் டன்னுக்குச் சில கிராம் மட்டுமே தந்தது. மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்து, தங்கத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு கொட்டியதுதான் இந்த மணல். எள்ளிலேயே இல்லாத எண்ணெய் புண்ணாக்கில் எப்படி வரும்? மேட்டு மணலில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே தங்கம் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. 0.7 கிராம் என்று வைத்துக்கொண்டால் பத்து டன் லாரியில் 7 கிராம். மிஞ்சியிருப்பது எளிதில் கரையாமல் தாதுத் துகள்களுக்குள் அடைபட்டுக் கிடப்பது என்பதால் அதிலும் பாதிதான் கைக்கு வரும் என்று கொள்ளுங்கள். ஒரு லாரி மணலுக்கு அரைப் பவுன்கூடத் தேறாது. பல லட்சம் டன் கணக்கில் ஆலை வைத்து நடத்துகிறவர்களுக்கு மட்டுமே இது தொழில். லாரிக் கணக்கில் நடத்துகிறவர்களுக்கு லாரி வாடகையே மிஞ்சாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தரகர்கள் அதைத்தான் தங்கள் வசதிக்கு இழுத்துக்கொள்வதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நகரத்பேட்டையிலும் அவென்யூ சாலையை ஒட்டிய சந்துகளிலும் நகைப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே அரத்தூள் தரையில் சிந்துகிறது. பாலிஷ் போடும் துணியிலும் உப்புத்தாளிலும் ஒட்டுகிறது. ஆசாரி கை கழுவும் நீரோடு தொட்டிக்குப் போகிறது. நல்ல பட்டறைக்காரர் இவை எதையும் எறிய மாட்டார். தரையைக் கூட்டிய தூசியை டப்பாவில் சேர்ப்பார், துணியையும் தாளையும் எரித்துச் சாம்பலை வைத்துக்கொள்வார், தொட்டியின் அடி வண்டலை வழித்து எடுப்பார். பட்டறையை இடம் மாற்றும்போது பலகைத் தரையைப் பெயர்த்து எரித்து அந்தச் சாம்பலையும் சேர்ப்பவர்கள் உண்டு. இந்தப் பட்டறை மண்ணை மொத்தமாக வாங்கி, எரித்து, இடித்து, சலித்து, தட்டில் நீர் விட்டு அரித்து, கடைசியில் வெங்காரம் சேர்த்து மூசையில் உருக்கிக் கட்டியாக எடுப்பவர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். இந்த மண்ணில் உள்ள தங்கத்தைச் சுரங்க மணலோடு ஒப்பிடவே முடியாது. காரணம் எளிமையானது: இது பாறையிலிருந்து வந்த தங்கமல்ல, ஏற்கெனவே நகைக்காக உருக்கிய தங்கம் சிதறியது. ஆனால் இங்கும் கட்டி 916 ஆக வராது. பற்றவைக்கும் பொடியும் செம்பும் வெள்ளியும் சேர்ந்து டச்சைக் குறைத்துவிடும். மண்ணை உருக்கும்போது எடை பெருமளவு குறைவதும் இயல்பு. ஆக, "மண்ணிலிருந்து தங்கம் எடுத்துப் பிழைக்கிறார்கள்" என்று தரகர் சொன்னால் அது பட்டறை மண்ணுக்குப் பொருந்தும். அதை வைத்துச் சயனைடு மேட்டு மணலை விற்பது மோசடி.

ஆய்வுக்கூடச் சீட்டு அச்சாக, முத்திரையோடு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். சீட்டு உண்மையானதாகவே இருக்கலாம். அதன் அடியில் சிறிய எழுத்தில் "வாடிக்கையாளர் கொண்டுவந்த மாதிரிக்கு மட்டும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்கூடம் தன் மேசைக்கு வந்த பொட்டலத்தை மட்டுமே சோதிக்கிறது. அது எந்த மேட்டிலிருந்து வந்தது, யார் அள்ளியது என்பது அதற்குத் தெரியாது. ஃபயர் அஸே என்ற முறையில் வழக்கமாக 30 கிராம் அளவு மாவை ஈயச் சேர்மத்தோடு உருக்குவார்கள். மாவில் உள்ள தங்கத்தை ஈயம் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அந்த ஈயக் குண்டைக் கியூபெல் என்னும் நுண்துளைக் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால், கிண்ணம் ஈயத்தை உறிஞ்சிவிட, தங்கமும் வெள்ளியும் மட்டும் சிறு மணியாக நிற்கும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு எஞ்சிய தங்கத்தை நிறுப்பார்கள். நம்பகமான முறை. ஆனால் 30 கிராம் மாவில் 0.36 மில்லிகிராம் தங்கம் இருந்தாலே விடை டன்னுக்கு 12 கிராம் என்று வந்துவிடும். நகத்தின் நுனியில் ஒட்டினால் ஒரு சிறு துகளாக மட்டுமே தெரியும் அளவு அது. 1997இல் இந்தோனேசியாவின் பூசாங் என்ற இடத்தில், பிரி-எக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் துளை மாதிரிகளில் ஆற்றுத் தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது வெளிவந்தபோது, உலகெங்கும் முதலீட்டாளர்கள் பெரும்பணம் இழந்தார்கள். தேர்ந்த நிறுவனங்களையே ஏமாற்றிய வித்தை இது. ஒரு பொட்டல மணலில் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆகையால் மாதிரியை நீங்களே நின்று, மேட்டின் பல இடங்களில், பல ஆழங்களில் அள்ளி, உங்கள் கையாலேயே முத்திரையிட்டுக் கொண்டுபோகாத வரை எந்தச் சீட்டுக்கும் மதிப்பில்லை.

உங்கள் விஷயத்தில் அப்படி அள்ளவும் முடியாது. அந்த மேடுகள் விற்கக்கூடிய நிலையில் எந்தத் தரகரிடமும் இல்லை. சுரங்கப் பரப்பு மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்துக்கு உரியது. தங்கம், 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் கீழ் வரும் முதன்மைக் கனிமம். 2015 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஏலத்தின் வழியாகத்தான் வரும். உரிமம் இல்லாமல் எடுத்தாலும் ஏற்றிச் சென்றாலும் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. லாரி பிடிபடும் நாளில் கூட்டாளிப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும், தரகரின் கைப்பேசி அணைந்திருக்கும். சயனைடும் கடையில் கேட்டு வாங்கும் சரக்கல்ல. கரைசலைச் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையில் வைத்திருக்காவிட்டால் விஷவாயு கிளம்பும்.

சுரங்கம் மூடப்பட்ட பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மேடுகளை என்ன செய்வது என்று மத்திய அரசும் மாநில அரசும் கோப்புகளை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்ததே இத்தகைய தரகர்கள் பெருகக் காரணம். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு தொழிலாளர் வரிசை வீடுகளில் சோற்றுத்தட்டு வரை வந்து படிகிறது. அந்த மக்களுக்கு "இந்த மணல் யாருக்கும் விற்கப்படவில்லை" என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பலகை எழுதி வைக்கக்கூட இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லையே என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம். உரிமம் இருப்பதாகத் தரகர் சொன்னால், அதன் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, ரேஸ்கோர்ஸ் சாலையில் உள்ள கனிஜ பவனில் சுரங்கம் மற்றும் நிலவியல் துறையில் கேளுங்கள். அலைக்கழிப்பார்கள், எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடைசியாக உங்கள் தந்தையாரின் கல். வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லில் ஓடும் மஞ்சள் கீற்று தங்கமாகவும் இருக்கலாம், தங்கம்போல மின்னும் பைரைட் என்ற இரும்புக் கனிமமாகவும் இருக்கலாம். ஊசி முனையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தங்கம் குழிந்துகொடுக்கும், பைரைட் பொடியாக நொறுங்கும். தங்கமாக இருந்தால் அதைத் தரகர் கேட்பதற்குக் காரணம் ஒன்றே: உண்மையான தங்கவயல் ரீஃப் கல்லை இடித்து ஒரு சிட்டிகை கலந்தால், அடுத்த ஆளுக்குக் காட்டும் சீட்டில் 12 என்ன, 40கூட வரும். முன்பணம் ஏதும் ஏற்கெனவே கொடுத்திருந்தால், திருப்பித் தரும்படி ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். கணக்குத் தாளையும் சீட்டையும் திருப்பிக் கேட்டாலும் கொடுக்காமல், நகலெடுத்து அசலை நீங்களே வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள். அறிமுகப்படுத்திய ஊர்க்காரரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரும் பணம் போட்டிருப்பார்.