ராக்கெட் ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு என்ன வேலை?

கேள்வி: டர்பனில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு சாட்ஸ்வொர்த். ராக்கெட் ஆய்வில் சேர ஆசை. அதெல்லாம் முதுகலை மாணவர்களுக்குத்தான் என்கிறார்கள் நண்பர்கள். மார்க் போய்விடும், முதலில் டிகிரியை முடி என்கிறார் அப்பா. நான் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் ராக்கெட் 2021 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் உள்ள ஓவர்பெர்க் சோதனைத் தளத்திலிருந்து 17.9 கி.மீ. உயரம் போனது. அந்த மாதிரி ராக்கெட்டின் வடிவமைப்பு இப்போதைக்கு உங்கள் கைக்கு வராது. தரையில் நடக்கும் சோதனை வேலை வரும்.

இது ஹைப்ரிட் ராக்கெட், அதாவது எரிபொருள் திடம், அதை எரிக்க உதவும் பொருள் திரவம். இதில் எரிபொருள் பாரஃபின் மெழுகு. அதை எரிக்க உதவுவது நைட்ரஸ் ஆக்சைடு. சூட்டில் உருகும் மெழுகைச் சீறிப் பாயும் வாயு துளித்துளியாக அடித்துக்கொண்டு போவதால், ரப்பர் வகை எரிபொருளைவிட இது வேகமாகக் கரையும். எவ்வளவு வேகம்? மெழுகுக் கட்டியை எரிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, நடுத்துளையின் விட்டத்தை அளந்தால் சராசரிக் கணக்கு வந்துவிடும். தராசும் பொறுமையும் போதும். மெழுகு ஆறும்போது சுருங்கும், விரிசல் விடும். விரிசல் இருந்தால் எரியும் பரப்பு கூடி அழுத்தம் எகிறும். அதனால் வார்த்த கட்டியைச் சோதிப்பதே ஒரு தனி வேலை.

எனக்குப் பிடித்தது லோட் செல். உந்துவிசையை அளக்கும் கருவி அது. தெரிந்த எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, பிறகு இறக்கி, இரண்டு முறையும் அளவைக் குறிக்க வேண்டும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று காட்டினால் விடாதீர்கள். அங்கே தப்பு நடந்தால் அதை நம்பி எழுதிய ஆய்வேடு முழுக்கத் தப்பு. நைட்ரஸ் நிரப்பும்போதும் எரிக்கும்போதும் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இதில் வீரம் வேண்டாம்.

"ஆய்வில் ஆர்வம் உண்டு" என்று பேராசிரியருக்கு எழுதாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்தக் குழுவின் சமீபத்திய முதுகலை ஆய்வேட்டை எடுத்து, கடைசி அத்தியாயத்தில் "இனி செய்ய வேண்டியவை" என்று இருப்பதைப் படியுங்கள். அதில் உங்களால் முடிந்த ஒன்றைச் சொல்லி, ஆய்வகத்தில் இருக்கும் முதுகலை மாணவரிடமே கேளுங்கள்: "வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் வர முடியும், இதைச் செய்யட்டுமா?" ஆள் தேவைப்படுவது அவருக்குத்தான்.

சரி, அப்பா விஷயம். ஏதாவது பாடத்தில் ஃபெயில் ஆகியிருந்தால் அவர் பக்கம்தான் நான். ஒரு பாடம் நின்றால் அதன் மேல் வரும் அடுத்த பாடமும் நின்றுவிடும். இல்லையென்றால் வாரம் நாலு மணி நேரம் தாங்கும். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுவேன் என்று ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிசம்பர்–ஜனவரி விடுமுறையில் அங்கே செய்யும் வேலை, டிகிரிக்குக் கட்டாயமான விடுமுறைக் காலப் பயிற்சிக் கணக்கில் சேருமா என்று துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.