கிரிக்கெட் மட்டை மருத்துவம்: பல ஊர் வாசகர்களின் கேள்விகளுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பட்டறையிலிருந்து பதில்கள்

சாட்ஸ்வொர்த்: மகனுக்கு 11 வயது. வளரும் பிள்ளைதானே, பெரிய மட்டையாக வாங்கிவிடலாமா?

வேண்டாம் அம்மா. மேல்கையால் (கைப்பிடியின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் கை) மட்டும் மட்டையை நேராக முன்னே நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் அது அவனுக்கான மட்டை அல்ல. கனம் தாங்காத பிள்ளை, பந்தைக் கீழ்க்கையால் இழுத்து அடிக்கப் பழகிவிடுவான். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

பீனிக்ஸ்: புது மட்டைக்கு எவ்வளவு எண்ணெய்?

காய்ச்சாத ஆளி விதை எண்ணெய், ஒரு தேக்கரண்டி போதும். பந்து படும் முகம், விளிம்பு, அடிமுனை ஆகியவற்றில் தடவி, ஒரு நாள் படுக்கவைத்துக் காயவிடுங்கள். கைப்பிடி மரத்துக்குள் ஆப்பாக இறங்கும் இடத்தில் தடவக்கூடாது, பசை இளகிவிடும். பிறகு மரச்சுத்தியால் தட்டுங்கள்: முதலில் மெதுவாக, போகப்போக வலுவாக, மொத்தம் ஐந்தாறு மணி நேரம். விளிம்பைச் சாய்வாகத் தட்டி வளைவாக்குங்கள். காரின் பின்பெட்டியில் மட்டும் மட்டையை விட்டுவைக்காதீர்கள். வெயிலில் அது அடுப்பு.

டோங்காட்: என் தாத்தா தேங்காய் எண்ணெய்தான் பூசினார். மட்டை பல வருடம் உழைத்தது.

உங்கள் தாத்தா மட்டையை நன்றாகப் பேணியிருப்பார், அதனால்தான் உழைத்தது. தேங்காய் எண்ணெய் அதற்குக் காரணமல்ல.

மெரிபேங்க்: டோங்காட் அண்ணன் சொல்வதுதான் சரி. எல்லாம் எண்ணெய்தானே?

இல்லவே இல்லை! ஆளி எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகும். ஈரம் உள்ளே ஏறுவதும் உள்ளிருந்து போவதும் குறையும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. குளிரில் உறைவதைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வெயில் வந்ததும் உருகி மரத்துக்குள் இறங்கும். ஊறிய மட்டையில் அடித்துப் பாருங்கள், சத்தமே மந்தமாக இருக்கும்.

டோங்காட்: அப்படியானால் ஆளி எண்ணெயையே நிறைய ஊற்றலாமே?

கூடாது. எந்த எண்ணெயும் மிகுந்தால் மட்டை கனத்து, துள்ளல் போய்விடும்.

ஜோகன்னஸ்பர்க்: டர்பனில் நன்றாக இருந்த மட்டை இங்கே வந்ததும் வெடித்தது. ஏன்?

டர்பன் கடற்காற்றில் ஈரம் அதிகம். உங்கள் ஊர்க் குளிர்காலமோ வறண்டது. மரம் ஈரத்தை இழந்து சுருங்கி வெடிக்கிறது. ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், காரிலும் வேண்டாம். மயிரிழை வெடிப்புக்கு நார் ஒட்டுநாடா போதும். கைப்பிடி வரை ஓடினால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: மட்டையின் முகத்தில் மரவரிகள், அதாவது ரேகை, அதிகமிருந்தால் நல்ல மட்டையா?

ஒரு ரேகை மரத்தின் ஓராண்டு வளர்ச்சி. நெருக்கமான ரேகை மட்டை சீக்கிரம் பழகும், பெரும்பாலும் சீக்கிரம் தேயும்.

வெருலம்: விளிம்பு எவ்வளவு தடிமன் இருக்கலாம்?

2017-இல் வந்த விதிப்படி, 40 மில்லிமீட்டர் வரை.

ஸ்டாங்கர்: ஐயா, எண்ணெய் எவ்வளவு பூசுவது?

பீனிக்ஸ் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். ஒரு தேக்கரண்டி!