கடற்பறவை ரத்தத்தில் ஒட்டுண்ணி: கொங்கு வாசகர்களின் கேள்விகள்

கடலே இல்லாத நம் பக்கத்திலிருந்து கடற்பறவையைப் பற்றி இத்தனை கேள்விகள் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

உக்கடம் குளத்தில் பறவை பார்ப்பவர்: ஐயா, கடற்பறவைக்கும் மலேரியா வருமாங்க?

வரும், ஆனால் குறைவு. உப்புக்காற்று அடிக்கும் பாறைத் தீவில் நல்ல தண்ணீர் தேங்காது, கொசு பெருகாது. அங்கேயே தலைமுறையாக வாழும் பறவையின் உடம்புக்கு அந்த நோயை எதிர்த்துப் பழக்கமும் இருக்காது. கொசு போய்ச் சேர்ந்தால்தான் ஆபத்து. நம் சாக்கடையில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கியூலெக்ஸ் கொசு, 1980களில் பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் குடியேறிவிட்டது. அந்தத் தீவுகளின் பெங்குயின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் இருப்பது 2009இல் வெளிவந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத இனம், மிஞ்சியிருப்பதும் சில ஆயிரத்துக்குள். எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஈரோட்டுப் புறா வளர்ப்பாளர்: எங்க புறா இறகுக்குள்ள தட்டையா ஒரு ஈ ஓடுதுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நல்லாவே உண்டு. அந்த ஈ கடித்துத்தான் ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணி புறாவுக்கு ஏறுகிறது. ஆண் பறவை சிவப்புத் தொண்டைப்பையை ஊதிக் காட்டுமே, அந்த ஃப்ரிகேட் என்ற கடற்பறவையின் உடம்பிலும் இதே குடும்பத்து ஈ உண்டு, இதே வகை ஒட்டுண்ணியும் உண்டு. கொசு இல்லாத தீவிலும் நோய் பரவுவது இப்படித்தான். பெரிய பறவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குஞ்சுதான் துவண்டுவிடும். ஈயின் கூட்டுப்புழு கூண்டுக் குப்பையில்தான் கிடக்கும். வாரம் ஒரு தடவை கூட்டி அள்ளிவிடுங்கள்.

நாமக்கல் மாணவி: ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப்பூச்சில் இந்த ஒட்டுண்ணியை எப்படிங்க சார் அடையாளம் காண்பது?

பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நமக்கு இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் அந்த உட்கருவையே ஒட்டுண்ணி என்று நினைத்துவிடுவார்கள். ஹீமோபுரோட்டியஸ் உட்கருவைச் சுற்றி வளைந்திருக்கும், பழுப்பு நிறமித் துகள்கள் தெரியும். பறவை ரத்தத்தில் வாழும் இன்னொரு ஒட்டுண்ணியான லியூகோசைட்டோசூனில் அந்தத் துகள் இருக்காது.

பெருந்துறை அம்மா: பையன் எந்நேரமும் புறாவோடயே இருக்கான். ஒட்டிக்குமாங்க?

இந்த ஒட்டுண்ணி மனிதருக்கு வராதும்மா, பயப்படாதீங்க. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடம்பில் வளர்ந்து அதன் கடி வழியாகப் பரவுவதை பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்டு ராஸ் 1898இல் கல்கத்தாவில் பறவைகளை வைத்துத்தான் நிரூபித்தார்.

பொள்ளாச்சி வாசகர்: மருந்து இல்லையா?

கூண்டில் இருக்கும் பெங்குயினுக்கு மலேரியா மாத்திரை கொடுக்கிறார்கள், கொசுவலை கட்டுகிறார்கள். தீவு முழுக்க எப்படிக் கட்டுவது? கப்பலிலும் விமானத்திலும் புதுக் கொசு ஏறாமல் பார்ப்பதுதான் அங்கே வழி.