ஒட்டிய விரல், இல்லாத மார்புத் தசை: போலந்து சின்ட்ரோம் கேள்வி-பதில்

என் மகனுக்கு 8 மாதம். கை விரல்கள் ஒட்டியிருக்கின்றன. போட்டோ அனுப்பியிருக்கிறேன். இது போலந்து சின்ட்ரோமா?

பிறவியிலேயே ஒரு பக்க மார்புத் தசை இல்லாமலோ குறைந்தோ இருப்பதுதான் போலந்து சின்ட்ரோம்; பெரும்பாலும் அதே பக்கக் கை விரல்களும் ஒட்டியோ குட்டையாகவோ இருக்கும். எந்தக் கை என்று எழுதவில்லை. போட்டோவில் குழந்தை சட்டையோடு இருக்கிறது. அம்மா, கையை மட்டும் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. சட்டையைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கினால் அக்குளின் முன்பக்கம் ஒரு சதை மடிப்பு தெரியும், மார்புத் தசைதான் அது. விரல் ஒட்டிய பக்கத்தில் அந்த மடிப்பு இல்லை, மார்புக் காம்பு சின்னதாகவோ சற்று மேலேறியோ இருக்கிறது என்றால் போலந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். விரல்கள் ஒட்டியிருப்பதோடு குட்டையாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழந்தை அழும்போது முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். சிலருக்கு முக நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கும். மார்பு எக்ஸ்ரே ஒன்று, வயிற்று ஸ்கேன் ஒன்று போதும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வயிற்று ஸ்கேன். இந்த வயதில் சி.டி. ஸ்கேன் வேண்டாம்.

கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார்.

இல்லை. கரு உண்டான ஆறாவது வாரம் வாக்கில், தோளுக்கும் கைக்கும் போகும் ரத்தக்குழாயில் ஓட்டம் குறைவதால் இது வருகிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். சில பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே உறுதியாகத் தெரியாத நேரம் அது. நீங்கள் செய்தது, செய்யாதது எதுவும் காரணமில்லை. இதை மாமியாரிடமும் படித்துக் காட்டுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு.

செல்போன் டவர் வந்த பிறகு வரும் புது நோயா?

1841-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்த ஆல்ஃபிரட் போலந்து, உடற்கூறு அறையில் ஒரு சடலத்தில் பார்த்து எழுதிவைத்தது இது. எங்கும் உண்டு. சுமாராக 30,000 பிறப்புக்கு ஒன்று என்பார்கள். ஆண்களுக்கும் வலது பக்கத்திலும் அதிகம்.

மகளுக்கு ஒன்றரை வயது. நான்கு விரல்களும் ஒட்டியிருக்கின்றன. டாக்டர் இரண்டு மூன்று ஆபரேஷன் என்கிறார். திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. ஒரே தடவையில் பிரித்துவிடும் இடம் எது?

அப்படி ஓர் இடம் இருந்தால் அங்கே போகாதீர்கள். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஒவ்வொரு விரலுக்கும் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு ரத்தக்குழாய் போகிறது. ஒரே விரலின் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் திறந்தால் இரண்டு குழாயும் அடிபடலாம். போலந்து கையில் இவை பிறவியிலேயே மெலிந்தோ, தடம் மாறியோ இருக்கக்கூடும். ரத்தம் நின்றால் விரல் கறுத்துப்போகும், அப்புறம் அதை மீட்க வழியில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒரு நாள் பிரிக்கலாம். அன்றைக்கே மோதிர விரலையும் சுண்டுவிரலையும் பிரிக்கலாம். நடுவில் உள்ள ஒட்டு சில மாதம் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று தோல். ஒட்டிய விரல்களைப் பிரித்தால் இருக்கும் தோல் பத்தவே பத்தாது. தொடை இடுக்கிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். அவசரத்தில் நேர்கோடாக வெட்டி, இழுத்துத் தைத்து அனுப்பப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். தழும்பு சுருங்கிச் சுருங்கி விரல் கொக்கியாக வளைந்துவிடுகிறது. அதனால்தான் வளைத்து வளைத்து, இசட் எழுத்துபோல வெட்டுகிறோம். வளரும் வயதில் விரலிடுக்கு மறுபடி கொஞ்சம் மூடிக்கொண்டு வரலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

லீவு, செலவு, ஊரிலிருந்து அலைச்சல் எல்லாம் தெரியும். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கும் இடத்தில், இடைவெளி விட்டுக் கொடுக்கும் மயக்கம் விரலை இழப்பதைவிட எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் சர்ஜரியில் கை ஆபரேஷனையே முக்கிய வேலையாகச் செய்பவரிடம் போங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே பேர்பெற்ற பிரிவு இருக்கிறது. முதல் ஆபரேஷனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பொதுவாக ஒரு வயதை ஒட்டி ஆரம்பிப்போம். நீளம் வித்தியாசமான விரல்கள் ஒட்டியிருந்தால் அதற்கும் முன்பே. இல்லையென்றால் நீள விரல் வளைந்தே வளரும்.

வயது 19. இடது மார்பு தட்டை. ஆறு மாதமாக ஜிம், புரோட்டீன் பவுடர். பலனில்லை.

இல்லாத தசை வளராது. பவுடரை நிறுத்துங்கள். உடற்பயிற்சியைத் தொடருங்கள், தோளுக்கு நல்லது. தோற்றம்தான் கவலை என்றால் உங்கள் மார்பு அளவுக்கே செய்த சிலிக்கோன் அச்சை உள்ளே வைக்கலாம், வயிற்றுக் கொழுப்பை எடுத்துச் செலுத்தலாம் (ஒரு பகுதி கரைந்துவிடும், இரண்டு மூன்று முறை ஆகும்), முதுகுத் தசையை முன்னால் திருப்பி வைக்கலாம். அந்த முதுகுத் தசையே சிலருக்கு இருக்காது. அது இருக்கிறதா என்று பார்க்காமல் தேதி குறிக்க விடாதீர்கள்.

மகளுக்கு 13 வயது. ஒரு பக்க மார்பகம் வளரவில்லை. உடனே சரிசெய்யலாமா?

நிரந்தர சிகிச்சைக்கு மறுபக்கம் வளர்ந்து முடியும்வரை, ஏறக்குறைய 18 வயதுவரை, பொறுங்கள். அதுவரை உள்ளாடைக்குள் வைக்கும் பேட் போதும். மிகவும் மனம் ஒடிந்துபோகிறாள் என்றால், எக்ஸ்பாண்டர், அதாவது தோலுக்கடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கும் பை, வைப்பதைப் பற்றிப் பேசலாம். அவள் முன்னால் உறவினர்களோடு இதைப் பேசாதீர்கள். பிற்காலத்தில் மார்பகப் பரிசோதனையின்போது சின்ன பக்கத்தை விட்டுவிடக் கூடாது, அதிலும் புற்றுநோய் வரலாம்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் அதிகக் கறுப்பாக இருக்கிறது, காற்று அடைத்திருக்கிறது என்கிறார்கள். மூச்சுத் தொல்லை இல்லை. வலது கை விரல்கள் பிறவியிலேயே குட்டை.

கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். முன்னால் மறைக்கும் தசை இல்லாவிட்டால் அந்தப் பக்கம் கறுப்பாகத்தான் விழும். சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றை வெளியேற்ற நெஞ்சில் குழாய் போடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் கட்டாயம் இதைச் சொல்லுங்கள்.

இடது பக்கப் போலந்து. இதயம் வலது பக்கம் தள்ளியிருக்கிறது. பையன் ஓடி விளையாடலாமா?

இடது பக்கம் விலா எலும்புகள் குறைந்தால் இதயம் தள்ளியிருப்பது உண்டு. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, இதயத்தின் அமைப்பு சரியாக இருந்தால் விளையாடட்டும். அமெரிக்க கோல்ஃப் வீரர் பிரைஸ் மோல்டர் இடது மார்புத் தசை இல்லாமலே 2011-இல் பி.ஜி.ஏ. எனும் தொழில்முறை கோல்ஃப் தொடரின் போட்டி ஒன்றை வென்றார். ஆனால் மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் ஓரிடம் உள்ளே குழிந்து, விடும்போது புடைக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அங்கே எலும்புக் காப்பு இல்லை. நெஞ்சில் அடிபடும் கபடி, கிரிக்கெட் பந்து வேண்டாம். விலாவைச் சரிசெய்வது பற்றி நெஞ்சு அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.