ஓட்டுகிறவருக்குக் கடல் தெரிவதில்லை

கேள்வி: எனக்கு 35 வயது, கணவருக்கு 39. மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறோம். அக்டோபர் கடைசியில் எங்கள் பத்தாவது திருமண நாள். தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். ஏழு வயது மகனைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், நாங்கள் இருவரும் எங்காவது போய்வர வேண்டும் என்றும் சொல்கிறார். கணவரோ கடலோரமாகவே காரில் சிட்னி, அங்கிருந்து கோல்ட் கோஸ்ட், பிறகு வீடு என்று எட்டு நாளுக்குப் பட்டியல் போட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. சென்ற ஆண்டு கிரேட் ஓஷன் ரோட்டுக்கு ஒரே நாளில் போய்வந்தோம். லோர்ன் தாண்டியதும் வளைவுகளில் எனக்குக் குமட்டியது. நிறுத்தச் சொன்னால், “இருட்டிவிடும்” என்றார். சென்று சேரும் நேரம் என்று போனில் காட்டுவதை ஐந்து நிமிடமாவது குறைப்பதிலேயே அவர் கவனம். பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்க்க இருபது நிமிடம்தான் நின்றோம். திரும்பும் வழியெல்லாம் சண்டை, அதன்பின் மூன்று நாள் பேச்சில்லை. எனக்கும் லைசென்ஸ் உண்டு, தினமும் வேலைக்குக் காரில்தான் போகிறேன். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். எனக்குக் கை நடுங்கிவிடும், சாவியைக் கொடுத்துவிடுவேன். விமானத்தில் போ என்கிறார்கள் தோழிகள். அனுசரித்துப் போ என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மெல்போர்ன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காரிலேயே போங்கள். அந்தப் பட்டியலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மெல்போர்னிலிருந்து கடலோரமாகச் சிட்னிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கோல்ட் கோஸ்ட் போக இன்னும் 800க்கு மேல். திரும்பும்போது உள்நாட்டுச் சாலையைப் பிடித்தாலும் மொத்தம் 3,500 கிலோமீட்டரை நெருங்கிவிடும். எட்டு நாளில் இதை ஓட்டி முடிப்பது லாரிக்காரர் வேலை. அவர்களுக்குக்கூட இத்தனை மணி நேரம் ஓட்டினால் இவ்வளவு ஓய்வு என்று ஆஸ்திரேலியாவில் சட்டம் இருக்கிறது. கோல்ட் கோஸ்ட் எங்கும் போய்விடாது, மகனையும் அழைத்துக்கொண்டு இன்னொரு விடுமுறையில் விமானத்தில் போகலாம். இந்த முறை சிட்னியோடு நிறுத்துங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடத்துக்கு வருகிறேன். அந்த கிரேட் ஓஷன் ரோட் நாளில் உங்கள் கணவர் எதைப் பார்த்தார் என்று யோசித்தீர்களா? முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் கடப்பாரையுமாக மலையைக் குடைந்து, இறந்துபோன தோழர்களின் நினைவாகப் போட்ட சாலை அது. மெல்போர்ன் பக்கமிருந்து போகும்போது கடல் இடது கைப்பக்கம் வரும். நீங்கள் உட்கார்ந்திருந்ததும் இடதுபுறம்தான். குமட்டலோடு என்றாலும் உங்கள் கண்ணாடிக்கு வெளியே கடல் இருந்தது. அவர் இருந்த வலதுபுறத்தில் எதிரே வரும் சுற்றுலா பஸ், பாறைச் சுவர், அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. ஓட்டுகிறவர் கடலைப் பார்த்தால் கார் கடலுக்குள் போய்விடும். ஒருநாள் அவரிடம், அன்றைக்குக் கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாது என்றே நினைக்கிறேன். நிறுத்தவில்லையே என்பது உங்கள் குறை. அவருக்கோ காலை முதல் இரவு வரை உழைத்தும் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. ஒரே காரில் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு பயணம் போயிருக்கிறீர்கள்.

குமட்டலுக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அது அபூர்வமாகத்தான் வரும். கார் எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரின் உடம்பு ஒவ்வொரு வளைவிலும் ஏமாந்துபோகிறது. குனிந்து போனில் வரைபடம் பார்த்தால் இன்னும் மோசம். ஆகவே வளைவுச் சாலையில் ஸ்டியரிங் உங்கள் கையில் இருப்பது உங்கள் வயிற்றுக்கும் நல்லது, அவர் கண்ணுக்கும் நல்லது.

பாதித் தூரம் நீங்கள் ஓட்ட வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், சிட்னியில் இருந்த காலத்தில், நானும் என் கணவரும் நீங்கள் போகப்போகும் இதே கடலோரப் பாதையில், பிரின்சஸ் நெடுஞ்சாலையில், எதிர்த்திசையில் மெல்போர்னுக்குப் போனோம். காலையிலிருந்து அவரே ஓட்டினார். மதியம் ஒருமுறை, “நீ கொஞ்சம் ஓட்டுகிறாயா?” என்று கேட்டார். “நீங்களே ஓட்டுங்கள், எனக்குப் பழக்கமில்லாத சாலை” என்று சொல்லிவிட்டேன். கேன் ரிவர் என்ற சிற்றூருக்குச் சற்று முன், வெளிச்சம் மங்கிய நேரத்தில், காட்டிலிருந்து ஒரு கங்காரு தாவி வந்து சாலை நடுவில் நின்றது. அவர் நேராகவே பிரேக்கை அழுத்தினார். ஆனால் ஒரு நொடி தாமதித்துவிட்டார். முன்விளக்கு உடைந்தது, கங்காரு நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போய்விட்டது. போனில் சிக்னல் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஓரமாக நின்றபோது அவர் கைகளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியிலேயே விரல்கள் மடங்கி இருந்தன, நிமிர்த்த முடியவில்லை. அந்த ஒரு நொடித் தாமதத்தில் பாதி என்னுடையது என்று இன்றும் நினைக்கிறேன்.

அதனால் மாலை ஐந்து மணிக்குமேல் அந்தக் காட்டுப் பகுதியில் ஓட்டவே வேண்டாம். கங்காருவும் வொம்பாட்டும் மேய வெளியே வருவது அந்தியிலும் விடியலிலும்தான். குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேர்கோட்டில் பிரேக் போடுவதுதான் பாதுகாப்பு. ஒடித்தால் மரத்தில் மோத நேரும், இல்லையென்றால் எதிரே வரும் வண்டியில்.

சாவியை எப்படி வாங்குவது என்பதற்கு வருகிறேன். புறப்படும் நாள் காலையில், வாசலில், அம்மா முன்னால் கேட்காதீர்கள். ஒரு வாரம் முன்பே, பையன் தூங்கியபின், தட்டில் சாப்பாடு இருக்கும்போது பேசுங்கள். சென்ற ஆண்டுச் சண்டையிலிருந்து தொடங்க வேண்டாம். “போன தடவை நீங்கள் கடலையே பார்க்கவில்லை, இந்தத் தடவை நீங்கள் பார்க்க வேண்டும், பாதி வழி நான் ஓட்டுகிறேன்” என்று சொல்லுங்கள். இது தந்திரம் இல்லை, உண்மை. அவருடைய அவசரத்துக்குப் பின்னாலும் ஏதோ இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு விடுமுறை நாள் என்பது எண்ணி எண்ணிச் சேர்த்த பணம் மாதிரி. எட்டு நாளில் எல்லாவற்றையும் உங்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அவர் துடித்திருக்கலாம்.

முதல் நாள் தொடக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். பாக்கனம் தாண்டி டிரரால்கன் வரை இருவழிகளும் தனித்தனியாகப் பிரிந்த அகலமான சாலை. நீங்கள் வேலைக்கு ஓட்டும் சாலையைவிடச் சுலபம். முதல் ஒரு மணி நேரம் அவர் பின் இருக்கையில் உட்காரட்டும். காலுக்கு முன்னால் மிதிக்க இடமில்லாதபோது அந்தப் பழக்கம் தானாக அடங்கும், உங்கள் கை நடுக்கமும் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். சென்று சேரும் நேரம் காட்டும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஓர்போஸ்ட் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு விஷயத்தை உங்கள் கணவருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். கடலோரச் சாலை என்று பெயரே தவிர, இந்த நெடுஞ்சாலையில் கடல் தானாகத் தெரியாது. மணிக்கணக்கில் யூகலிப்டஸ் காடுதான். சாலையை விட்டுத் திரும்பி ஊருக்குள் போகிறவர்களுக்குத்தான் கடல். நிற்காமல் ஓட்டினால் சிட்னி போய்ச் சேரலாம், கடலைப் பார்த்திருக்க முடியாது. முதல் இரவு லேக்ஸ் என்ட்ரன்ஸ், நாலு மணி நேர ஓட்டம். ஏரிகளைக் கடலோடு இணைக்க 1889ல் வெட்டித் திறந்த வாய் அது. நடைபாலத்தைக் கடந்தால் நைன்ட்டி மைல் பீச்.

அடுத்த இரண்டு இரவும் மல்லகூட்டாவில் இருங்கள். ஜெனோவா என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி 23 கிலோமீட்டர் போக வேண்டும். 2019 டிசம்பர் 31 காலையில் காட்டுத்தீ சூழ்ந்து, பகலே இரவாகி, ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீரின் ஓரத்தில் போய் நின்ற ஊர். சாலைகள் அடைபட்டுப்போனதால் கடற்படைக் கப்பல் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிப்போனது. அந்த வழியில் ஓரிடத்தில் காரை நிறுத்தி ஒரு மரத்தின் அருகே போய்ப் பாருங்கள். எரிந்த யூகலிப்டஸ் கிளையில் மட்டும் துளிர்ப்பதில்லை. கருகிய அடிமரத்தின் பட்டையைப் பிளந்துகொண்டு உடம்பெல்லாம் இலைக்கொத்துகள் கிளம்பியிருக்கும். தொட்டால் விரலில் கரி ஒட்டும், அதே இடத்தில் கிள்ளினால் பச்சை வாசம் வரும். எந்தக் கைகாட்டிப் பலகையும் உங்களை அங்கே நிறுத்தச் சொல்லாது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். புளியோதரை ஒரு நாளுக்குத் தாங்கும். அதன்பின் ஊர்ப் பூங்காக்களில் பொத்தானை அழுத்தினால் சூடாகும் மின்சாரத் தட்டடுப்பு உண்டு. பெரும்பாலும் இலவசம்தான். அலுமினியத் தாள் விரித்துச் சப்பாத்தி சுட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். எதிரே அலை அடிக்க, ஒருவர் திருப்ப ஒருவர் எடுத்துத் தர, அவ்வளவு நிம்மதியாக நாங்கள் பேசி நெடுநாள் ஆகியிருந்தது.

மாநில எல்லை தாண்டினால் ஈடன். அக்டோபர் இறுதியில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தெற்கு நோக்கிப் போகும் பருவம். கரையில் நின்றே மூச்சுத் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஓல்ட் டாம் என்ற ஓர்காவின், அதாவது கொலைத் திமிங்கிலம் என்று சொல்லப்படுவதின், எலும்புக்கூடு இருக்கிறது. யுவின் பழங்குடி மக்களும் வெள்ளையர்களும் சேர்ந்து வேட்டையாடிய காலத்தில், பெரிய திமிங்கிலங்களை அந்த ஓர்காக் கூட்டம் விரிகுடாவுக்குள் மடக்கிக் கொடுக்கும். டாம் 1930ல் இறந்தது. அதன் பற்களில் ஒரு பக்கத் தேய்மானத்தைக் கவனியுங்கள். படகின் கயிற்றைக் கவ்வி இழுத்ததால் வந்தது என்பது ஊர்ப்பேச்சு. அங்கிருந்து பெர்மகுயி, நரூமா, ஜெர்விஸ் பே என்று ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் போனால் போதும்.

கடலில் இறங்குவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் ஊரில் ஆற்றிலும் கடலிலும் நீந்தியவர்கள்கூட இந்தக் கடலை அந்தக் கணக்கில் எடுக்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். கொடி இல்லாத கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் கருத்து அமைதியாகத் தெரியும். குளிக்க நல்ல இடம் என்று தோன்றும். இங்கே எல்லோரும் ‘ரிப்’ என்று சொல்லும் இழுப்பு நீரோட்டம் பெரும்பாலும் ஓடுவது அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், மிதந்துகொண்டே கையை உயர்த்திக் காட்ட வேண்டும். தெம்பு இருந்தால் பக்கவாட்டில் நீந்தி வெளியேறலாம். இதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவரும் உங்களுக்குத் திருப்பிச் சொல்லட்டும்.

அனுசரித்துப் போ என்று அம்மா சொன்னது அன்பினால்தான். ஆனால் பத்து ஆண்டுகளாக அனுசரித்து, தெரிந்த வேலையில் கை நடுங்கும் அளவுக்கு வந்திருக்கிறீர்கள். அதைத் தொடர வேண்டாம். அதற்கென்று சண்டை போடவும் வேண்டியதில்லை. ஆள் மாறும் நேரம் வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, அந்தப் பக்கக் கதவுக்கு நடந்து போங்கள்.

ஆறாம் நாள் கியாமாவிலிருந்து சிட்னி போகும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டு சீ கிளிஃப் பாலம் வழியாகப் போங்கள். மலைச்சரிவில் பாறைகள் விழுந்துகொண்டே இருந்ததால் பழைய சாலையை மூடிவிட்டு, 2005ல் கடலுக்கு மேலேயே 665 மீட்டர் நீளத்துக்கு வளைத்துக் கட்டியது அது. அதன்மேல் காரில் போனால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாலத்துக்கு முன்பே காரை நிறுத்திவிட்டு இருவரும் நடந்து கடந்து திரும்பி வாருங்கள். கடலைப் பார்க்க முடியாத ஆள் என்று அங்கே யாரும் இருக்கமாட்டீர்கள். பாலத்துக்குப் பின் சற்றுத் தூரத்தில் ஹெலன்ஸ்பர்க். 1985லிருந்து அங்கே வெங்கடேஸ்வரர் கோயில் கொண்டிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் கோயில் உணவகத்தில் தோசை கிடைக்கும். திங்கட்கிழமை புறப்பட்டால் சனிக்கிழமை மதியம் அங்கே இருப்பீர்கள். மிச்சமிருக்கும் இரண்டு நாளில், கண்டகாயிலோ ஆல்பரியிலோ ஓர் இரவு தங்கி, ஹியூம் நெடுஞ்சாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். அதிலும் பாதி உங்களுடையது.