அப்பாவுக்குக் கீமோ கொடுப்பதா, வேண்டாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

அப்பாவுக்கு 76 வயது. நுரையீரல் புற்றுநோய், ஸ்டேஜ் 4. முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது. பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற வகை என்று வந்தது. மரபணுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பகலிலும் பாதி நேரத்துக்கு மேல் படுத்தேதான் இருக்கிறார். உடனே கீமோவை ஆரம்பிக்க வேண்டும் என்கிறார் அண்ணன். அப்பா காதில் விஷயமே விழக் கூடாது என்கிறார் அம்மா. கீமோ வேண்டாம் என்று நான் சொன்னால், அப்பாவைக் கைவிட்டவள் ஆகிவிடுவேனோ?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கீமோவா இல்லையா என்று இன்றைக்கே நீங்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை. மூச்சுத்திணறல் வேகமாக மோசமானால் ஒழிய, மரபணு முடிவுக்குக் காத்திருப்பதே நல்லது. புற்றணுக்களில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் வீட்டிலேயே விழுங்கும் மாத்திரைதான் முதல் சிகிச்சை. தளர்ந்துபோனவர்களுக்கும் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். அவசரப்பட்டு இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) கொடுத்துவிட்டுப் பிறகு சில ஈஜிஎஃப்ஆர் மாத்திரைகளுக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் அபாயம் கூடும். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, அடுத்த முறை டாக்டரைப் பார்க்க அவரையும் அழைத்துப் போவது.

மரபணு மாற்றம் எதுவும் இல்லையென்றால், வயதைவிட முக்கியம் அவர் எவ்வளவு நேரம் எழுந்து நடமாடுகிறார் என்பது. பாதிப் பகலுக்கு மேல் படுக்கையில் இருப்பவருக்குக் கீமோவால் பெரும்பாலும் நன்மையைவிடத் தொல்லையே அதிகம்: வெள்ளணுக்கள் குறையும், தொற்று வரும், மிச்சமிருக்கும் தெம்பும் போகும். ஆனால் அந்தத் தளர்ச்சிக்கு வலியோ, ரத்தச்சோகையோ, நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருப்பதோ, ரத்தத்தில் கால்சியம் ஏறியிருப்பதோ காரணமாக இருக்கலாம். அவற்றைச் சரிசெய்த பிறகு மறுபடி மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அதன்பின் ஆரம்பித்தாலும், 2 அல்லது 3 சுற்று முடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது, எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே டாக்டரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் வீட்டில் குசுகுசுவென்று பேசுவதை வைத்தே அப்பா பாதியை ஊகித்திருப்பார். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதில்லை. அவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரிடமே கேட்கலாம். வலி மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, “டாக்டர் சொல்றதை நீங்களே கேட்டுக்கிறீங்களாப்பா, இல்ல நாங்க கேட்டுக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு, அவர் வாய்திறக்கும்வரை பேசாமல் இருங்கள். “நீங்களே பாத்துக்குங்க” என்றால் அதுவும் பதில்தான். பேச முன்வந்தால் அடுத்த கேள்வி: “உங்களுக்கு இப்ப எதுப்பா ரொம்ப முக்கியம்?” ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டாம் என்பாரா, எந்தத் தொல்லையானாலும் பொறுத்துக்கொள்கிறேன் என்பாரா? கீமோவைப் பற்றிய முடிவு அந்தப் பதிலில் பாதி இருக்கிறது.

வலி தணிப்பு (பாலியேட்டிவ் கேர்) மருத்துவரை இப்போதே பாருங்கள். எல்லாம் கைவிட்ட பிறகு போகும் இடமல்ல அது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே அந்தக் கவனிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றும், அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்த காலம்) 11.6 மாதமாக இருந்தது, மற்றவர்களுக்கு 8.9 மாதம். இந்தக் கவனிப்பு இருக்கும்போது, கீமோ வேண்டாம் என்பது கைவிடுவதாகாது. எலும்பு வலிக்குப் பல சமயம் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு போதும். மூச்சிரைப்புக்குக் குறைந்த அளவு மார்ஃபின் உதவும் (அந்தப் பெயரைக் கேட்டதும் ‘முடிஞ்சுதா?’ என்று பதறாத வீடு அபூர்வம்). மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இல்லையென்றால் மலச்சிக்கலுக்குப் பயந்து அப்பாவே மருந்தை நிறுத்திவிடுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். முதுகெலும்பில் நோய் இருப்பதால், கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவட நரம்பு அழுத்தப்படுகிறது என்று அர்த்தமாகலாம். மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள். தாமதித்தால் நடை திரும்பாமலே போகலாம்.