வேலையில் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டிய மோசமான மென்பொருளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேட்டிருப்பவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் போலத் தெரிகிறது. ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். பெங்களூருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டு மென்பொருள் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. சரியாகத்தான் இல்லை.

மருந்து இன்டென்ட் போட, அதாவது ஃபார்மசியிலிருந்து மருந்து கேட்க, ‘மெட்’ என்று அடித்தால் மெட்ஃபார்மின், மெட்டோப்ரோலால், மெட்ரோனிடசோல் மூன்றும் அடுத்தடுத்து வரும். ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, ஒன்று கிருமித் தொற்றுக்கு. நாம் கிளிக் செய்யும் நொடியில் பட்டியல் ஒரு வரி கீழே நகரும். பெயர் குழம்பாமல் இருக்க, வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாகக் காட்டும் ‘டால் மேன் லெட்டரிங்’ என்ற முறை எப்போதோ வந்துவிட்டது. எங்கள் திரையில் எல்லாமே ஒரே மாதிரிப் பெரிய எழுத்துதான்.

ஆனால் என்னை உடைத்தது வேறு விஷயம். போன வருடம் ஒரு நைட் டியூட்டி. பதினாறு படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். 9-ஆம் படுக்கைத் தாத்தாவுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் 4.5 கிராம். காலை 6 மணி டோஸை 100 மில்லி சலைனில் கலந்து சரியான நேரத்துக்கு ஏற்றிவிட்டேன். பதிவு செய்யப் போனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் 12-ஆம் படுக்கை அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வியர்வை. மைக்ரோபோர் டேப்பில் ஒரு துண்டு கிழித்து ‘9 – 6.00’ என்று எழுதி யூனிஃபார்மில் ஒட்டிக்கொண்டு ஓடினேன். டெக்ஸ்ட்ரோஸ் போட்டு, அந்த அம்மா கண் திறந்து பேசி, மறுபடி சர்க்கரை பார்த்து, மற்ற படுக்கைகளையும் கவனித்துவிட்டு வந்தபோது மணி 7.10. லாகின் போயிருந்தது. திரும்ப உள்ளே போய்ப் பதிந்தேன். நாம் சேமிக்கும் நேரத்தையே மருந்து கொடுத்த நேரமாக அது எழுதிக்கொள்ளும். திருத்த இன்சார்ஜ் சிஸ்டரின் லாகின் வேண்டும், அவர் வருவது எட்டு மணிக்கு. அந்த மாத ஆடிட்டில் ‘70 நிமிடத் தாமதம்’ என்று சிவப்பில் வந்தது. எனக்கு மெமோ வந்தது. டேப்பை எடுத்துக் காட்டினேன். “அதெல்லாம் டாக்குமெண்ட் இல்ல சிஸ்டர்” என்றார்கள்.

‘அப்போ பழையபடி நோட்டில் எழுதலாமே’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். டாக்டர்களின் கையெழுத்தை நடுராத்திரியில் படித்தவர்களுக்குத் தெரியும் கம்ப்யூட்டரின் அருமை. அலர்ஜி எச்சரிக்கை வந்து ஒரு ஊசியை நானே நிறுத்தியிருக்கிறேன். நான் சொல்வது, தப்பு எங்கே நடந்தாலும் அது கடைசியில் விசைப்பலகையில் கை வைத்தவர் தலையில் விழுகிறது என்பதைத்தான். பிரிட்டனில் தபால் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற மென்பொருள் வந்தது. இல்லாத பணக் குறைவை அது கணக்கில் காட்ட, தபால் நிலையம் நடத்தியவர்கள் திருடர்கள் ஆனார்கள். 900 பேருக்கு மேல் தண்டனை, சிலருக்கு ஜெயில். மென்பொருளில்தான் பிழை என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019-ல். தனிச் சட்டம் போட்டு மொத்தமாகத் தண்டனைகளை ரத்து செய்தது 2024-ல். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி கிடையாது. நர்ஸ் உட்கார்ந்திருப்பதை நோயாளியின் வீட்டார் பார்த்தால் நன்றாக இருக்காதாம். சேலத்தில் ஜவுளிக்கடையில் நிற்கும் என் தங்கைக்குக்கூட, உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் நான் எல்லாப் பதிவையும் நின்றுகொண்டேதான் போடுகிறேன்.

சரி, நீங்கள் வழி கேட்டீர்கள். திரை நின்றால் அந்த நிமிடமே ஐடி ஆட்களுக்கு போன் போட்டு, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஹேண்டோவர் புத்தகத்தில் நேரத்தோடு அதை எழுதி, அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்கப்புறம் எனக்கு இரண்டு முறை இது கைகொடுத்தது. முதல் மெமோவை மட்டும் அவர்கள் திரும்பப் பெறவில்லை. பதில் எழுதிக் கொடுத்தபோது அந்த டேப் துண்டையும் தாளின் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தேன். என் ஃபைலில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.